வால்வைத் திருகும் முன்: ஹைட்ராலிக் பவர் பேக்கில் ஓட்டத்தைத் தடுத்தால் அழுத்தமும் வேகமும் என்ன ஆகும்?

பட்டறைக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன் போன மாதம் கேட்டான்: "அண்ணே, ஃப்ளோ கண்ட்ரோலை மூடினா பிரஷர் ஏறுமா, இறங்குமா? ஒருத்தர் ஏறும்ங்கிறார், இன்னொருத்தர் இறங்கும்ங்கிறார்."

ஃப்ளோ கண்ட்ரோல் என்பது ஆயில் ஓடும் சந்தைத் திருகிக் குறுக்கும் வால்வு. இருவர் சொன்னதும் சரிதான். வால்வுக்கு முன்னால் ஏறும், வால்வின் சந்துக்குள்ளே இறங்கும், வால்வைத் தாண்டியபின் லோடு எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் நிற்கும். எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாததால்தான் குழப்பம். வேகமும் அப்படித்தான். சந்துக்குள் ஆயிலின் வேகம் கூடும், சிலிண்டரின் வேகம் குறையும். சில நேரம் சிலிண்டர் வேகம் குறையாமலும் இருக்கும். அந்தப் பையனுக்குச் சொன்னதையே இங்கே ஒரு மெஷினின் கணக்கோடு எழுதுகிறேன். கால்குலேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே வாருங்கள்.

மெஷின் இது, அதாவது மோட்டார், பம்ப், டேங்க், வால்வுகள் ஒன்றாகச் சேர்ந்த பவர் பேக்கும் அது தள்ளும் சிலிண்டரும்: 5 எச்.பி. மோட்டார், 1440 ஆர்.பி.எம். ஒரு சுற்றுக்கு 11 சி.சி. தள்ளும் கியர் பம்ப். 60 லிட்டர் டேங்க், 46 நம்பர் ஆயில் (நம்பர் என்பது ஆயிலின் கெட்டித்தன்மை அளவு). ரிலீஃப் வால்வு (அழுத்தம் எல்லையைத் தொட்டதும் திறந்து ஆயிலை டேங்குக்கு விடும் பாதுகாப்பு வால்வு) செட்டிங் 120 பார்; பார் என்பது அழுத்தத்தின் அளவு. சிலிண்டர் போர் (உள்விட்டம்) 63 மி.மீ., ராடு (பிஸ்டனோடு நகரும் தண்டு) 36 மி.மீ., ஸ்ட்ரோக் (நகரும் தூரம்) 400 மி.மீ. சின்னப் பட்டறைப் பிரஸ்களில் இந்த அளவு சாதாரணமாகக் கிடைக்கும்.

படி 1: பம்ப் தருவது ஆயிலை, அழுத்தத்தை அல்ல

11 சி.சி.யை 1440 ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 15,840 சி.சி. பம்புக்குள்ளேயே கொஞ்சம் பின்னால் கசியும். அதைக் கழித்தால் சுமார் 15 லிட்டர். பம்பின் வேலை அவ்வளவுதான், ஒவ்வொரு நிமிடமும் 15 லிட்டரை முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும். முன்னால் வழி திறந்திருந்தால் பம்ப் லைனில் உள்ள அழுத்த கேஜ் சில பாரில் கிடக்கும். சிலிண்டர்மேல் 2 டன் எடை வந்து உட்கார்ந்தால் கேஜ் 63 பாருக்குப் போகும். பம்பில் எதுவும் மாறியிருக்காது. எடையை போர் பரப்பளவால் வகுத்தால் (31.2 சதுர செ.மீ.) சதுர செ.மீ.க்கு 64 கிலோ வரும், அதைப் பாரில் சொன்னால் அந்த 63. எதிர்ப்பு எவ்வளவோ அவ்வளவு அழுத்தம்.

கிணற்று மோட்டாரோடு பழகியவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். கிணற்றில் ஓடுவது சென்ட்ரிஃபியூகல் பம்ப். அதன் டெலிவரி கேட் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினால் தண்ணீர் குறையும், ஆம்பியரும் இறங்கும், அழுத்தம் ஓர் எல்லையோடு நின்றுவிடும். இம்பெல்லர் தண்ணீரைச் சுழற்றிக்கொண்டு சும்மா இருக்கும். கியர் பம்புக்கு அந்தப் பொறுமை கிடையாது. பல்லுக்கிடையில் சிக்கிய ஆயிலை அது வெளியே தள்ளியே தீரும். முன்னால் வழியை அடைத்தால் அழுத்தம் ஏறும், ஆம்பியர் ஏறும். ரிலீஃப் வால்வு இல்லாவிட்டால் ஹோஸோ, சீலோ, பம்ப் பாடியோ, ஷாஃப்டோ ஏதாவது ஒன்று போகும்வரை ஏறும்.

அதனால் எந்த வால்வைத் திருகும் முன்பும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: நான் தடுக்கிற ஆயில் எங்கே போகப்போகிறது? கீழே வரும் எல்லாமே இந்தக் கேள்விக்கான பதில்கள்தான்.

படி 2: இரண்டு வேகங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

முதல் வேகம் குழாய்க்குள் ஆயில் ஓடும் வேகம். கணக்கு எளிது: லிட்டர் எண்ணிக்கையை 21.2 ஆல் பெருக்கி, குழாயின் உள்விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதன் வர்க்கத்தால் வகுங்கள். விடை நொடிக்கு மீட்டர். நம் 15 லிட்டர் 12 மி.மீ. குழாயில் 2.2 மீட்டர் வேகத்தில் ஓடும். அதே ஆயில் 6 மி.மீ. குழாயில் 8.8 மீட்டர். விட்டம் பாதியானால் வேகம் நாலு மடங்கு.

இரண்டாவது சிலிண்டர் நகரும் வேகம். 15 லிட்டரை போர் பரப்பால் வகுத்தால் நொடிக்கு 80 மி.மீ. 400 மி.மீ. ஸ்ட்ரோக்குக்கு 5 நொடி. திரும்பும்போது ராடு இடத்தை அடைத்துக்கொள்வதால் பரப்பு 21 சதுர செ.மீ.தான், ஆகவே வேகம் 119 மி.மீ., நேரம் 3.4 நொடி. இந்த 21க்கும் 31.2க்கும் உள்ள விகிதத்தை நினைவில் வையுங்கள். படி 5இல் ஒரு ஹோஸை வெடிக்க வைப்பது அதுதான்.

சந்து குறுகினால் ஆயில் வேகமெடுக்கிறது. அந்த வேகம் சும்மா வராது. அழுத்தத்தைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். டேனியல் பெர்னூலி 1738இல் எழுதிவைத்தது இதைத்தான். சந்து மெல்ல விரிந்தால் வேகம் மறுபடி அழுத்தமாக மாறும். வால்வுகளில் அப்படி நடப்பதில்லை. ஊசிமுனைச் சந்திலிருந்து பாய்ந்துவரும் ஆயில் அகலமான இடத்தில் மோதிச் சுழன்று, அந்த வேகம் முழுவதும் சூடாகப் போய்விடுகிறது. அதனால்தான் வால்வைத் தாண்டிய பிறகு தொலைந்த அழுத்தம் திரும்புவதில்லை.

படி 3: சந்தைக் குறைத்துக்கொண்டே வந்து பாருங்கள்

பம்புக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு துளை வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வால்வைத் திருகுவதும் துளையைச் சிறிதாக்குவதும் ஒன்றுதான். லோடு எதுவும் இல்லை.

துளை 3 மி.மீ. இருந்தால் 15 லிட்டரைத் தள்ள சுமார் 14 பார் வேண்டும். 2 மி.மீ. என்றால் 72 பார். 1.5 மி.மீ. என்றால் 227 பார். துளை பாதியானதற்கு அழுத்தம் பதினாறு மடங்கு. புதியவர்கள் வால்வைத் திருகும்போது முக்கால்வாசிக்கு எதுவும் நடக்காமல், கடைசிக் கால் சுற்றில் எல்லாமே நடப்பதற்குக் காரணம் இதுதான்.

2 மி.மீ.யில் நிறுத்திப் பாருங்கள். கேஜ் 72 காட்டுகிறது. சிலிண்டர் எவ்வளவு வேகத்தில் போகிறது? அதே 80 மி.மீ.தான், குறையவே இல்லை! ரிலீஃப் 120இல் மூடிக்கிடக்கிறது, ஆயிலுக்கு வேறு வழி கிடையாது, 15 லிட்டரும் அந்தத் துளை வழியாகத்தான் போயாக வேண்டும். துளையில் ஆயில் துளையைவிடவும் ஒடுங்கிய தாரையாகப் பாய்வதால் அதன் வேகம் நொடிக்கு 128 மீட்டர், மணிக்கு 460 கிலோமீட்டர். சிலிண்டருக்கு இது எதுவும் தெரியாது. "வால்வைப் பாதிக்கு மேல் மூடிட்டேன், ஸ்பீடே குறையல, வால்வு ரிப்பேர்" என்று நல்ல வால்வைக் கழற்றி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்வதற்குமுன் கேஜைப் பாருங்கள்.

இப்போது 1.5 மி.மீ. 227 பார் வேண்டும். ஆனால் 120இல் ரிலீஃப் திறந்துவிடும். 120 பார் அந்தத் துளை வழியாக 10.9 லிட்டரைத்தான் தள்ளும். மிச்சம் 4.1 லிட்டர் ரிலீஃப் வழியாக டேங்குக்குப் போகும். சிலிண்டர் வேகம் 58 மி.மீ.க்கு இறங்கும். ஆகவே பம்ப் வேகம் மாறாத மெஷினில், பிரதான லைனில் போட்ட த்ராட்டில் (ஓட்டத்தைக் குறுக்கும் துளை அல்லது வால்வு) சிலிண்டரைத் தானாக மெதுவாக்குவதில்லை. ரிலீஃபைத் திறக்க வைக்கிறது, அதன் பிறகே சிலிண்டர் மெதுவாகிறது. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது: தடுத்த ஆயில் ரிலீஃப் வழியாக டேங்குக்குப் போகிறது.

அந்த 2 டன்னை மறுபடி ஏற்றுங்கள். லோடு 63 பாரை எடுத்துக்கொண்டது. துளைக்கு மிஞ்சியது 57. அதில் 7.5 லிட்டர்தான் போகும். வேகம் 40 மி.மீ., ஸ்ட்ரோக்குக்கு 10 நொடி. வால்வைத் தொடவே இல்லை, லோடு மாறியதால் மட்டும் நேரம் கூடிவிட்டது. ஒரு ஜாப் கனமாகவும் அடுத்தது லேசாகவும் வரும் மெஷினில் சாதாரண நீடில் வால்வை வைத்து வேகத்தைப் பிடிக்கவே முடியாது. அங்கே பிரஷர் காம்பன்சேட்டட் ஃப்ளோ கண்ட்ரோல் போட வேண்டும். லோடு எப்படி மாறினாலும் தன் சந்துக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அது ஒரே அளவில் வைத்திருக்கும். விலை கூடத்தான். ஆனால் தினமும் நாலு முறை வால்வைத் திருகிக்கொண்டே நிற்பவரின் நேரத்தையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

படி 4: சூட்டுக்குக் கணக்கு எழுதுங்கள்

பாரையும் லிட்டரையும் பெருக்கி 600 ஆல் வகுத்தால் கிலோவாட். பம்ப் 120 பாரில் 15 லிட்டர் தள்ளும்போது 3 கிலோவாட். மேலே சொன்ன 2 டன் நிலையில் லோடைத் தள்ளப் போனது 0.8 கிலோவாட்தான். ரிலீஃபில் 1.5, த்ராட்டிலில் 0.7. அதாவது 2.2 கிலோவாட் டேங்குக்குள் சூடாக இறங்குகிறது. வீட்டில் வாளியில் போடுகிற ஹீட்டரில் 1.5 கிலோவாட் பெரியது. அதில் ஒன்றரையை டேங்கில் போட்டுவிட்டு வேலை செய்வதற்குச் சமம். மெஷின் ஓயாமல் ஓடினால், வெளியே போகும் சூட்டைக் கழிக்காமல் பார்த்தால், 60 லிட்டர் ஆயில் நிமிடத்துக்கு 1.3 டிகிரி ஏறும்.

ஆயிலை 60 டிகிரிக்குள் வைத்துக்கொள்வது நல்லது. 80ஐத் தாண்டினால் சீல் இறுகும், ஆயில் சீக்கிரம் கெடும்.

இந்தச் சூட்டை நமக்கு உதவியாகவும் திருப்பிக்கொள்ளலாம். த்ராட்டிலில் 100 பார் தொலைந்தால் அந்த ஆயில் சுமார் 6 டிகிரி சூடாகும். எங்கோ தெரியாத அடைப்பு இருக்கிறது என்று சந்தேகமா? இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை லைன் நெடுகக் காட்டிக்கொண்டே போங்கள். ஒரு வால்வு பாடியின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் 4, 5 டிகிரி வித்தியாசம் வந்தால் அழுத்தம் அங்கேதான் தின்னப்படுகிறது. கைவைத்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

படி 5: த்ராட்டிலை எங்கே வைப்பது

மூன்று இடங்கள் உண்டு. சிலிண்டருக்குள் போகும் ஆயிலைத் தடுப்பது மீட்டர்-இன். சிலிண்டரிலிருந்து வெளியே வரும் ஆயிலைத் தடுப்பது மீட்டர்-அவுட். பம்ப் லைனிலிருந்து ஒரு கிளை பிரித்து, அதன் வழியாக மிச்ச ஆயிலை டேங்குக்கே விடுவது ப்ளீட்-ஆஃப். கடைசியில் சொன்னதில் பம்ப் அழுத்தம் லோடு கேட்கும் அளவுக்கு மேல் ஏறாது, ஆகவே சூடு குறைவு. ஆனால் வேகத்தில் துல்லியம் கிடைக்காது.

மீட்டர்-இன் என்பது லோடு எதிர்த்து நிற்கும் வேலைக்குச் சரி. லோடு தானே இழுத்துக்கொண்டு ஓடும் இடத்தில், உதாரணமாகக் கனமான பிளேட் கீழே இறங்கும்போது, மீட்டர்-இன் பயன்படாது. பிளேட் ஆயிலை முந்திக்கொண்டு விழும். அங்கே வெளியேறும் வழியைப் பிடித்து நிறுத்த வேண்டும், மீட்டர்-அவுட்தான் வழி.

அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வேலை பழகிய காலத்தில் நான் பார்த்த ஒரு பிரஸ்ஸில், ராடு பக்க ஹோஸ் கிரிம்ப் (ஹோஸ் முனையை ஃபிட்டிங்கோடு நசுக்கிப் பிடித்த இடம்) ஓரத்தில் வீங்கி வீங்கிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு மாதத்தில் மூன்று ஹோஸ் மாற்றினேன். பம்ப் கேஜ் 120ஐத் தாண்டவே இல்லை, ஹோஸ் 150க்கு வாங்கியது. ஹோஸ் கடைக்காரரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியவர் ஒருவர் வந்து, ஒன்றும் பேசாமல், ராடு பக்க போர்ட்டில் ஒரு டீ ஃபிட்டிங் (மூன்று வழி இணைப்பு) போட்டுத் தனியாக ஒரு கேஜை மாட்டினார். லோடு இல்லாமல் சிலிண்டரை முன்னே விட்டார். முள் 175ஐத் தாண்டிப் போய் நின்றது. நான் வாயடைத்து நின்றேன்.

படி 2இல் நினைவில் வைக்கச் சொன்ன விகிதம் இதுதான். போர் பக்கம் 31.2 சதுர செ.மீ.யில் 120 பார் தள்ளுகிறது. ராடு பக்கம் 21 சதுர செ.மீ. மட்டும். வெளியேறும் வழியை நாம் இறுக்கியதால் அந்தச் சின்னப் பரப்பு முழு விசையையும் தாங்க வேண்டும். 120ஐ 1.485 ஆல் பெருக்குங்கள், 178 பார். ராடு இன்னும் தடியாக இருந்தால் இன்னும் கூடும். பிளேட்டின் எடையும் அதே பக்கம் இழுத்தால் அதுவும் சேரும். ரிலீஃப் வால்வு பம்ப் பக்கம் இருப்பதால் இது அதற்குத் தெரியவே தெரியாது. மீட்டர்-அவுட் போட்ட ஒவ்வொரு மெஷினிலும் ராடு பக்க அழுத்தத்தைக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் ஹோஸ் வாங்க வேண்டும்.

செக் வால்வு (ஒரு திசையில் மட்டும் ஆயிலை விடுவது) சேர்ந்த ஃப்ளோ கண்ட்ரோலை மாட்டும்போது பாடியில் உள்ள அம்புக்குறியைப் பாருங்கள். திருப்பி மாட்டினால் தடுக்க வேண்டிய திசையில் தாராளமாக விட்டுவிட்டு, விட வேண்டிய திசையில் தடுக்கும்.

படி 6: சக்ஷன் பக்கம் தடுப்பே கூடாது

டெலிவரி பக்கம் 120 பார் வைத்து விளையாடலாம். சக்ஷன் பக்கம், அதாவது பம்ப் டேங்கிலிருந்து ஆயிலை உறிஞ்சும் பக்கம், ஆயிலைப் பம்புக்குள் தள்ளிக்கொடுப்பது வெறும் காற்றழுத்தம், 1 பார். கியர் பம்புக்கு அதில் சுமார் 0.2 பார் வரைதான் இழக்கலாம். அதனால்தான் சக்ஷன் குழாய் எப்போதும் டெலிவரியைவிடத் தடியாக இருக்கும். நம் 15 லிட்டருக்கு 19 மி.மீ. குழாய் போட்டால் வேகம் 0.9 மீட்டர், நொடிக்கு 1 மீட்டரை ஒட்டி வைத்துக்கொள்வது பழக்கம்.

ஸ்ட்ரெய்னர் (சக்ஷன் வடிகட்டி) அடைத்துக்கொண்டால், ஹோஸ் உள்ளே உரிந்து தொங்கினால், டேங்க் பிரீதர் (டேங்குக்குள் காற்று போய்வரும் வழி) தூசியில் மூடிக்கொண்டால் பம்பின் வாயில் அழுத்தம் விழுந்து ஆயிலுக்குள் குமிழ்கள் தோன்றும். அழுத்தப் பக்கம் போனதும் அவை உடைந்து நொறுங்கும். ஒவ்வொன்றும் உலோகத்தை ஊசியால் குத்தியதுபோல் அரிக்கும். தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியதுபோல் சத்தம் கேட்கும். அதைக் கேட்டதும் மோட்டாரை நிறுத்துங்கள். "இந்த ஜாப் முடிச்சுட்டுப் பாக்கலாம்" என்பதற்குள் பம்ப் போய்விடும். டேங்கில் நுரை பொங்கினால் அது வேறு வியாதி. சக்ஷன் மூட்டில் எங்கோ வெளிக்காற்று ஏறுகிறது, அல்லது ஆயில் மட்டம் குறைவு.

மார்கழிக் காலையில் சத்தம் போட்டுவிட்டு மத்தியானம் அமைதியாகிற பம்பும் உண்டு. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் அதே குழாயே தடுப்பாகிறது. கொஞ்ச நேரம் லோடு இல்லாமல் ஓடவிட்டுச் சூடேற்றியபின் வேலை தொடங்குங்கள். டெலிவரி பக்கமும் இது பொருந்தும். 46 நம்பர் ஆயில் 40 டிகிரியில் 12 மி.மீ. குழாயில் மீட்டருக்கு 0.2 பார் தின்னும், 6 மி.மீ. குழாயில் 3 பாருக்கு மேல். 10 மீட்டர் லைன் என்றால் 2க்கும் 31க்கும் உள்ள வித்தியாசம். மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் சின்னக் குழாய் போடுபவர்கள் கரண்ட் பில்லில் அதைத் திரும்பக் கொடுக்கிறார்கள்.

படி 7: நீங்களே ஓட்டிப் பாருங்கள்

பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை நிறுத்தி, லோடைத் தரையில் இறக்கி, கேஜ் பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்த்தபின்தான் எந்த மூட்டையும் கழற்ற வேண்டும். முன்பு கணக்குப் போட்ட 128 மீட்டர் வேகத்தை மறக்காதீர்கள். ஹோஸில் ஊசித்துளை விழுந்தால் ஆயில் அப்படித்தான் வரும். கையால் தடவிப் பார்த்தால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது, ஆனால் விரலை, கையை எடுக்க வேண்டிய நிலை வரும். கசிவைத் தேட அட்டைத் துண்டைக் காட்டுங்கள். ஆயில் உள்ளே போய்விட்டால் மருந்து தடவிக்கொண்டு உட்காராமல் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், "ஹைட்ராலிக் ஆயில் பிரஷரில் உள்ளே போயிருக்கிறது" என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள்.

ரிலீஃபின் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை நன்றாக வெளியே எடுத்துவிட்டு மோட்டாரைப் போடுங்கள். சிலிண்டரை ஸ்ட்ரோக் முடிவில் முட்டவிட்டு, கேஜைப் பார்த்துக்கொண்டே ஸ்க்ரூவை உள்ளே திருகி 120க்குக் கொண்டுவாருங்கள். லாக் நட்டை இறுக்குங்கள். பிறகு ஃப்ளோ கண்ட்ரோலை முழுதாகத் திறந்து, லோடு இல்லாமல் ஒரு ஸ்ட்ரோக். ஸ்டாப் வாட்சில் நேரம், நகரும்போது கேஜ் எவ்வளவு, இரண்டையும் எழுதுங்கள். கால் சுற்று மூடி மறுபடி ஒரு ஸ்ட்ரோக். மறுபடி கால் சுற்று. முதலில் கேஜ் மட்டும் ஏறும், நேரம் மாறாது. கேஜ் 120ஐ நெருங்கும் இடத்தில் டேங்கின்மேல் காதை வைத்தாற்போல் கவனித்தால் ரிலீஃப் திறக்கும் சீறல் கேட்கும். செட்டிங்குக்குக் கொஞ்சம் முன்பே அது கசியத் தொடங்கும். அங்கிருந்துதான் நேரம் நீளத் தொடங்கும். அதே வால்வு நிலையில் ஒரு எடையை வைத்து ஒரு ஸ்ட்ரோக் ஓட்டி, அதையும் எழுதுங்கள்.

மெஷினுக்கு வேண்டிய வேகம் கிடைத்ததும் வால்வு நாபில் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, டேங்க் மூடியின்மேல் தேதி, ஆயில் சூடு, கேஜ், போக 5 நொடி, வர 3.4 நொடி என்று உங்கள் மெஷினின் எண்களை எழுதிவையுங்கள். அடுத்த முறை யாராவது "மெஷின் மெதுவா ஓடுது" என்று கூப்பிட்டால் ஸ்பேனரை எடுக்கும் முன் அந்த மூடியைப் பாருங்கள். போகும் நேரமும் வரும் நேரமும் சேர்ந்து கூடியிருந்து, கேஜும் 120ஐத் தொடவில்லை என்றால் ஆயில் எங்கோ உள்ளே கசிகிறது. பம்பையும் ரிலீஃபையும் பாருங்கள். ஃப்ளோ கண்ட்ரோலை முழுதாகத் திறந்தும், லோடு இல்லாமலே நகரும்போது கேஜ் 120இல் நின்றால் எங்கோ அடைப்பு; தெர்மாமீட்டரை எடுங்கள்.